நாடகம் பார்த்துவிட்டு வந்து எழுதுவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு

"நாடகம் எப்படி இருந்தது?" என்று யாராவது கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். நானும் பல வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். முதல்முதலாக ஒரு சிறுபத்திரிகைக்கு ஒரு நாடகத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தபோது நான்கு பக்கத்தில் மூன்றேமுக்கால் பக்கம் கதை, மிச்சக் கால் பக்கத்தில் "நடிகர்கள் சிறப்பாக நடித்திருந்தனர், ஒளியமைப்பு அருமை". அதைப் படித்த ஒரு மூத்த நாடகக்காரர் கோபப்படவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "லைட்டு அருமைன்னு எழுதியிருக்கியே தம்பி, எந்த லைட்டு?"

என்னிடம் பதில் இல்லை. மேடையில் வெளிச்சம் இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நாடகத்தை எடைபோடுவது என்றால் அங்கே யார் யார் என்னென்ன வேலை செய்தார்கள் என்று பார்த்து, அந்த வேலை அன்றைக்கு அந்த இடத்தில் எடுபட்டதா இல்லையா என்று சொல்வது. கதை நன்றாக இருந்ததா என்பது அதில் ஒரு பங்குதான். கதையை வீட்டில் உட்கார்ந்து புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். இந்திரா பார்த்தசாரதியின் ஔரங்கசீப் அச்சில் இருக்கிறது, தமிழிலும் இந்தியிலும் மேடை ஏறியிருக்கிறது. பிரதி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு குழு போடும்போதும் அது வேறு நாடகம். அந்த வேறுபாட்டைப் பிடித்து எழுதத்தான் உங்களைப் போன்ற ஆள் வேண்டும்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையை ஒருமுறை உரையோடு படித்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியாக வந்து பயமுறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. மாதவி ஆட வருவதற்கு முன்பே, ஆடல் ஆசிரியனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், இசை ஆசிரியனுக்கு என்ன, பாட்டு எழுதும் புலவனுக்கு என்ன, தண்ணுமை என்ற முழவு, குழல், யாழ் வாசிப்பவர்களுக்கு என்னென்ன என்று இளங்கோ ஒவ்வொருவராக நிறுத்திச் சொல்லிவிடுகிறார். அப்புறம் மேடைக்கு வருகிறார். 24 விரல் கொண்டது ஒரு கோல், ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், இரண்டு வாயில், மூன்று வகைத் திரை. அதோடு, தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்தார்கள் என்று ஒரு வரி. எனக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும். "ஒளியமைப்பு அருமை" என்று அவர் எழுதவில்லை, விளக்கை எங்கே வைத்தார்கள், எதற்காக என்று எழுதியிருக்கிறார். இன்றைக்கும் பல மேடைகளில் ஒரு நடிகரின் நிழல் அடுத்தவர் முகத்தில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

உங்கள் பட்டியலில் எழுதியவர், இயக்குநர், நடிகர்கள், இசை, ஒளி, ஒப்பனை, உடை, மேடை அமைப்பு ஆகியோர் இருப்பார்கள். இவர்களோடு சேர்த்து, நோட்டீஸில் பெயர் இல்லாமல் பக்கவாட்டில் இருட்டில் நின்றுகொண்டு சரியான நேரத்தில் சரியான செம்பை நடிகரின் கையில் கொடுக்கும் ஒருவரும் இருப்பார். அவரையும் எழுதிக்கொள்ளுங்கள். இலங்கைத் தமிழ் நாடகங்களைப் பற்றி எழுதுவதாக இருந்தால் சொற்கள் கொஞ்சம் மாறும். நாம் இயக்குநர் என்பவரை அவர்கள் நெறியாளர் என்பார்கள், பிரதியை எழுத்துரு என்பார்கள், மேடையில் நிகழ்வதை அளிக்கை என்பார்கள். "நாடகமும் அரங்கியலும்" அங்கே பள்ளியிலேயே ஒரு பாடம், அதனால் பதினெட்டு வயதுப் பிள்ளைகூட இந்த விஷயங்களை நம்மைவிடத் தெளிவாகப் பேசும். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

எந்த வகை நாடகம் என்று பாருங்கள்

தங்கத்தைக் கல்லில் உரைத்துப் பார்க்கிறோம், அரிசியைப் படியில் அளக்கிறோம். மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

சென்னை சபா நாடகத்துக்குப் போகிறீர்கள் என்றால் அங்கே வசனமும் நேரம் தவறாத சிரிப்பும்தான் உயிர். வசனத்துக்கும் கைதட்டலுக்கும் நடுவில் நடிகர் எத்தனை நொடி விடுகிறார், சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரியைப் பேசி அதைக் கொன்றுவிடுகிறாரா என்று கவனியுங்கள். உடல்மொழி இல்லை, குறியீடு இல்லை என்று அவர்களிடம் போய் முறையிடுவதில் அர்த்தமில்லை. அதேபோல நவீன நாடகத்துக்குப் போய்விட்டு "ஒண்ணும் புரியலை, கதையே இல்லை" என்று எழுதுவதும் கதைக்கு உதவாது. ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதும், அதே ஆண்டு காந்திகிராமத்தில் சே. ராமானுஜம் போன்றவர்கள் பங்கெடுத்த நாடகப் பட்டறை நடந்ததும், அடுத்த ஆண்டில் சென்னையில் ஞாநியின் பரீக்ஷா, மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம் என்று குழுக்கள் கிளம்பியதும், சபா மேடையில் இருந்தது போதாது என்று தோன்றியதால்தான். இந்த மாதிரி நாடகங்களைப் பார்க்கும்போது நடிகரின் உடல் என்ன சொல்கிறது, வெற்று மேடையை எப்படி நிரப்புகிறார்கள் என்று பாருங்கள். அதே சமயம் "நவீனம்" என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் தப்பித்துவிடாது. நடிகர் தரையில் உருளுகிறார் என்றால் ஏன் உருளுகிறார் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வீதி நாடகம் என்றால் விஷயம் வேறு. அங்கே டிக்கெட் இல்லை, நாற்காலி இல்லை, பார்வையாளர் எந்த நிமிஷமும் பஸ் ஏறிப் போய்விடலாம். பிரளயனின் சென்னைக் கலைக்குழு மாதிரியான குழுக்களைப் பார்க்கப் போனால் பாதி நேரம் நாடகத்தைப் பாருங்கள், பாதி நேரம் கூட்டத்தைப் பாருங்கள். சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றவர் இறங்கி ஸ்டாண்ட் போட்டாரா? போட்டிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகம் இன்னொரு உலகம். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம்தான் பெரும்பாலும். ராஜபார்ட்டை (நாயக வேடக்காரரை) ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை (பெண் வேடத்தை) இன்னோர் ஊரிலிருந்தும் பபூனை (கோமாளியை) வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். சேர்ந்து ஒத்திகை என்பதே கிடையாது, நேராக மேடையில்தான் சந்திப்பு. இயக்குநரும் இல்லை. இங்கே வந்து "இயக்குநரின் பார்வை தெளிவாக இல்லை" என்று எழுதினால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கவனியுங்கள். ஒருவர் வீசும் கேள்விக்கு அடுத்தவர் பாட்டாகவும் பேச்சாகவும் உடனே திருப்பித் தர வேண்டும். அங்கேதான் ஆள் யார் என்று தெரியும். ஆர்மோனியக்காரர் எந்த இடத்தில் நடிகரைக் காப்பாற்றினார் என்பதைக் கேட்கத் தெரிந்துவிட்டால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

அரங்கில் செய்ய வேண்டியது

சீக்கிரம் போங்கள். நடுவரிசையில் உட்காருங்கள், முதல் வரிசையில் முகம்தான் தெரியும், கால் எங்கே நிற்கிறது என்று தெரியாது. சின்ன நோட்டு போதும். இருட்டில் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள், கோடு மேல் கோடு விழுந்தாலும் பரவாயில்லை. போனில் டைப் செய்யாதீர்கள், அந்த வெளிச்சம் மேடையில் இருப்பவர் கண்ணில் குத்தும்.

கருத்தை எழுதாமல் நடந்ததை எழுதுங்கள். "அம்மா பாத்திரம் பிரமாதம்" என்று குறித்துவைத்தால் மறுநாள் அது உங்களுக்கே ஒன்றும் சொல்லாது. "மகன் செத்த சேதி வந்ததும் அழவில்லை, மடித்துக்கொண்டிருந்த புடவையை மடித்து முடித்தாள், ஓரம் ஒட்டாததால் பிரித்து மறுபடி மடித்தாள்" என்று குறித்துவைத்தால் கட்டுரை அங்கேயே பாதி எழுதி முடிந்துவிட்டது.

நடிப்பைப் பார்ப்பதற்கு எனக்குச் சொல்லித்தரப்பட்ட ஒரு வழி: பேசுபவரைப் பார்க்காதே, கேட்பவரைப் பார். பேசுபவருக்கு வசனம் இருக்கிறது, அது எப்படியாவது இழுத்துக்கொண்டு போய்விடும். கேட்பவர் உண்மையிலேயே கேட்கிறாரா, இல்லை தன் முறை வரட்டும் என்று காத்திருக்கிறாரா? காத்திருக்கும் நடிகரைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம், அடுத்தவர் கடைசிச் சொல்லைச் சொல்வதற்கு முன்பே அவர் மூச்சை இழுத்துவிடுவார். அடுத்தது குரல். கடைசி வரிசைக்குக் கேட்டதா என்பது முதல் கேள்வி, ஆனால் அது மட்டும் போதாது, கத்தினாலும் கேட்கும். மெதுவாகப் பேசும் காட்சியிலும் சொல் உடையாமல் வந்து சேர்ந்ததா? வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குவது நம் நடிகர்களிடம் பரவலாக இருக்கும் ஒரு வியாதி, தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது என்பதால் அதை விழுங்கினால் யார் என்ன செய்தார் என்பதே போய்விடும். மெய்ப்பாடு என்றால் உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவது; எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று வரிசைப்படுத்துகிறது. ஒரு நாடகம் முடிந்ததும் நான் விளையாட்டாக எண்ணிப் பார்ப்பேன், இந்த எட்டில் அந்த நடிகர் எத்தனை தொட்டார் என்று. சிலர் இரண்டு மணி நேரமும் வெகுளியிலேயே இருப்பார்கள்.

இயக்குநரின் வேலை கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதைப் பற்றி எழுதுவது கஷ்டம். ஒரு வழி இருக்கிறது. நடிகர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும்போதெல்லாம் "ஏன் நகர்ந்தார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்தில் எட்டு முறை பதில் கிடைத்தால் இயக்குநர் வேலை செய்திருக்கிறார். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் விளக்கணைத்து இருட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் எத்தனை முறை கேட்டது என்றும் எண்ணுங்கள். உடை, ஒப்பனை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: பாத்திரம் ஏழையாக இருந்து வேட்டி மட்டும் கடையிலிருந்து அப்போதுதான் வந்த மடிப்போடு இருந்தால் ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள்.

கூத்துக்குத் தனியாக ஓர் இரவு ஒதுக்குங்கள்

மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும் பழக்கத்தோடு, தெருக்கூத்துப் பார்க்கத் திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகாதீர்கள். இரவு பத்துமணிக்கு மேல் ஆரம்பித்து விடியும்வரை போகும். பகலில் தூங்கிவிட்டுப் போங்கள், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் முன்னாலேயே போய், வேடம் கட்டும் இடத்தில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசிக்கொள்ளும் நடிகரை அங்கே பார்ப்பீர்கள். புஜக்கட்டை, மார்பதக்கம், கிரீடம் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிக்கொள்வார்கள், அந்த இறுக்கத்தோடும் எடையோடும்தான் இரவு முழுக்க ஆடியாக வேண்டும். இந்தக் கட்டை அணிகளைக் கட்டி ஆடுவதால்தான் கட்டைக்கூத்து என்ற பெயரே. அதைப் பார்த்துவிட்டால், விடியற்காலை நான்கு மணிக்கு அவர் கிர்ரென்று சுற்றும்போது "அடவு (ஆட்ட அசைவு) சுமார்" என்று எழுத உங்களுக்குக் கை வராது. எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

கூத்து ஆடும் களமான களரியில் முதலில் கட்டியங்காரன் வருவான். அவனை வெறும் கோமாளி என்று எண்ணிவிடாதீர்கள். ராஜாவை அறிமுகம் செய்வதும் அவனே, கிண்டல் செய்வதும் அவனே, மகாபாரதத்துக்குள் ஊர்ப் பஞ்சாயத்து விவகாரத்தைக் கொண்டுவந்து போடுவதும் அவனே. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டே முக்கிய வேடக்காரர் பாடுவார். உடனே முகத்தைக் காட்டிவிட மாட்டார். அந்தக் காத்திருப்பை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வைக்கிறார் என்பது ஒரு தேர்வு. பின்பாட்டு, மிருதங்கம், முகவீணை என்ற சின்ன ஊதுகருவி மூன்றும் அவரோடு எப்படிப் பேசுகின்றன என்பது அடுத்தது. புரிசை கண்ணப்ப தம்பிரான் போன்ற ஆசிரியர்களின் வழியில் வந்தவர்களிடம் ஒரே பாத்திரத்துக்கு ஒரு குடும்ப நடை இருக்கும். வேறு ஜமாவில், அதாவது வேறு கூத்துக் குழுவில், அதே பாத்திரம் வேறு மாதிரி நடக்கும். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எது சரி என்ற பேச்சையே எடுக்க வேண்டும்.

இங்கே உங்களைவிடப் பெரிய விமர்சகர்கள் பாயில் படுத்திருக்கிறார்கள். நடுராத்திரியில் பாதிச் சனம் தூங்கிக்கொண்டிருக்கும். துகிலுரியும் காட்சி வரும்போது யாரும் எழுப்பாமலே எழுந்து உட்காருவார்கள். எழுந்திருக்காமல் புரண்டு படுத்தார்கள் என்றால் அன்றைக்குத் துச்சாதனன் சரியில்லை என்று பொருள். பக்கத்தில் இருக்கும் பாட்டியிடம் மெதுவாகக் கேளுங்கள், "போன வருஷம் யார் கட்டினது?" என்று. உங்களுக்கு ஒரு பக்கம் எழுதும் அளவுக்கு விஷயம் கிடைக்கும்.

கூத்தை நகரத்து மேடைக்குக் கொண்டுவந்து சுருக்கிப் போடுவதைப் பார்த்தால் என்ன இழந்தார்கள், என்ன கிடைத்தது என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் கர்ணன் போரையும் பிறகு இராவணேசனையும் போட்டபோது, விடிய விடிய வட்டக் களரியில் நடந்த கூத்தைக் குறைந்த நேரத்துக்கு, ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடைக்கு மாற்றினார். இராவணேசனில் இராவணனாக ஆடிய மௌனகுரு பின்னாளில் அதே நாடகத்தைத் தானே மறுபடி உருவாக்கினார். ஒரு நாடகக்காரர் தான் ஆடியதைத் தானே திருத்தி எழுதுவதும் விமர்சனம்தான்.

மறுநாள்

உடனே எழுதாதீர்கள், ரொம்பத் தள்ளியும் போடாதீர்கள். நடுவில் ஒரு வேலை இருக்கிறது: கேட்டுத் தெரிந்துகொள்வது. ஒரு நாடகத்தில் கடைசிக் காட்சிக்கு முன் மேடை சட்டென்று இருண்டு, நடிகர் இருட்டிலேயே பேசினார். உடம்பு சிலிர்த்துப்போய், இருளின் குறியீடு பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை அனுப்புவதற்கு முன் லைட் போட்டவரைப் பார்த்தேன். ஃபியூஸ் போய்விட்டதாம். அப்புறம் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ஃபியூஸ் போனதையும் நடிகர் ஒரு சொல்கூடத் தடுமாறாமல் இருட்டில் பேசி முடித்ததையும் எழுதினேன். முன்பு எழுதியதைவிட அது நன்றாகவே வந்தது.

முடிந்தால் இரண்டாவது முறையும் பாருங்கள். பெரும்பாலான குழுக்களில் எல்லோரும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒத்திகைக்கு வருபவர்கள், முதல் நாள் பதற்றம் இரண்டாம் நாள் இருக்காது. அதற்காகச் சலுகை தர வேண்டியதில்லை. எந்தத் தேதி நிகழ்வைப் பார்த்தீர்கள் என்று போட்டுவிட்டால் போதும்.

எழுதும்போது கதைக்கு ஐந்து வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். அருமை, சிறப்பு, பிரமாதம், சொதப்பல் ஆகிய நான்கையும் தடைசெய்துவிட்டு எழுதிப் பாருங்கள், என்ன பார்த்தீர்கள் என்று சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும். பழைய "வெளி" இதழ்கள் கிடைத்தால் படியுங்கள். 1990களில் வெளி ரங்கராஜன் நாடகத்துக்கென்றே நடத்தியது. நாடகக்காரரே தன் வேலையை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிய வேண்டுமானால், 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகமேடை நினைவுகள் இருக்கிறது.

தெரிந்தவர்கள் விஷயம் ஒன்று. தமிழ் நாடக உலகம் சின்னது, ஆறு மாதத்தில் எல்லோரும் உங்களுக்கு அண்ணன், அக்கா ஆகிவிடுவார்கள். இலவச டிக்கெட்டை வாங்காதீர்கள், நூறு ரூபாயோ இருநூறோ கொடுத்துப் போங்கள். உங்கள் நெருங்கிய நண்பர் நடித்தால் எழுதாதீர்கள், கைகுலுக்கிவிட்டு வந்துவிடுங்கள்.

போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிட்டால் கையில் ஒரு தாள் தருவார்கள். கதை, நடிப்பு, இயக்கம், மேடை அமைப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். கல்லூரிப் போட்டியிலும் இதே கதைதான், சபாக்கள் கோடையில் நடத்தும் நாடக விழாக்களிலும் சிறந்த நடிகர், சிறந்த இயக்குநர் என்று பரிசு உண்டு. மார்க் போடுங்கள், ஆனால் எல்லாக் குழுவையும் பார்த்து முடிக்கும்வரை பென்சிலில் போடுங்கள். முதலில் வந்த குழுவுக்குக் கஞ்சத்தனமாகவும் கடைசிக் குழுவுக்குத் தாராளமாகவும் போடுவது எல்லா நடுவரும் செய்வது.

சும்மா தெரிந்துகொள்ள ஒன்று: நம் ஊரில் நாடகத்தை ரொம்ப காலம் எடைபோட்டது போலீஸ். 1876இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு 1954இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. எம். ஆர். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துத்தான் என்று சொல்வார்கள். பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்குவது வழக்கமாக இருந்தது. ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்த 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. அதனால் "இந்த நாடகத்தைத் தடை செய்ய வேண்டும்" என்ற வாக்கியத்தை மட்டும் எந்தக் கோபத்திலும் எழுதிவிடாதீர்கள்.

கட்டுரையின் அடியில் நாடகத்தின் பெயர், குழு, இடம், தேதி, எத்தனை மணி நேரம், வேலை செய்தவர்களின் பெயர்கள். பெயர்களை இனிஷியலோடு, அவர்கள் எழுதும் எழுத்தில் போடுங்கள். நோட்டீஸில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள், கூத்தில் நோட்டீஸே இருக்காது. விடிந்ததும் வேடம் கலைக்கும் இடத்துக்குப் போய், முகவீணை வாசித்தவர் யார், திரை பிடித்தவர்கள் யார் என்று கேளுங்கள். தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே சொல்வார்கள், டீயும் வாங்கித் தருவார்கள்.